குளிர்பதனக் கிடங்கில் மின் மோட்டார்: இணைப்பும் உயிர்க் காப்பும்

(மின் பாதுகாப்பு குறித்துப் பொறியியல் மாணவர்களுக்கும் மாவட்ட அலுவலர்களுக்கும் நடத்தப்பெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மின் மோட்டார்களுக்கு இணைப்புக் கொடுப்பது பற்றிப் பேசவே என்னை அழைத்திருக்கிறீர்கள். ஆயினும் உருளைக்கிழங்கிலிருந்து தொடங்க அனுமதி வேண்டுகிறேன். நம் நாட்டில் எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட குளிர்பதனக் கிடங்குகள் உள்ளன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு மூன்றரைக் கோடி டன்னைத் தாண்டுகிறது. உத்தரப்பிரதேசமும் மேற்கு வங்காளமும் இதில் முன்னணியில் நிற்கின்றன. ஆக்ராவைச் சுற்றியும் ஹூக்ளி மாவட்டத்திலும் பயணம் செய்தவர்கள், வயல்களின் நடுவே சன்னல் இல்லாத உயர்ந்த கட்டடங்களைக் கண்டிருப்பார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடையாகும் உருளைக்கிழங்கு அவற்றினுள் புகுந்து, நவம்பர் வரை சிறிது சிறிதாக வெளிவருகிறது. உள்ளே 2 முதல் 4 டிகிரி வெப்பநிலையும், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட ஈரப்பதமும் இருந்தாக வேண்டும். மே மாதத்து வெயிலில் இந்நிலையைக் காத்து நிற்பது கம்ப்ரஸர். கம்ப்ரஸரை ஓட்டுவது மின் மோட்டார். அந்த மோட்டார் ஒரு வாரம் நின்றுவிட்டால், பல நூறு குடும்பங்களின் ஓராண்டு உழைப்பு அழுகத் தொடங்கிவிடும்.

மோட்டார் நிற்கக் கூடாது என்ற இந்த நெருக்கடிதான் நாம் இன்று பேசப்போகும் விபத்துகளுக்கும் வேராக இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுதோறும் பத்தாயிரத்திற்கும் மேல். அவர்களுள் கிடங்குத் தொழிலாளர் எத்தனை பேர் என்று அக்கணக்கு பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே தொகைகளை விட்டு, நான் நேரில் விசாரித்த ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். கிடங்கின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அது கங்கைச் சமவெளியில் உள்ள ஒரு பழைய கிடங்கு. மார்ச் மாதம், மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்த சமயம். அறையினுள் காற்றைச் சுழற்றுவதற்காக நான்கு மின்விசிறிகள் மரச்சட்டங்களின் மேல் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மோட்டாரும் ஒன்றரைக் கிலோவாட் திறனுடையது. சுமை ஏற்றும் தொழிலாளி ஒருவர் மூட்டையை அடுக்கிவிட்டுத் திரும்புகையில், நிலை தடுமாறி ஒரு கையால் மின்விசிறியின் சட்டத்தையும், மறு கையால் பக்கத்தில் ஓடிய அம்மோனியாக் குழாயையும் பற்றினார். பற்றிய கையை அவரால் எடுக்க இயலவில்லை. உடனிருந்தவர்கள் ஓடிச்சென்று சுவிட்சை அணைப்பதற்குள் அவர் உயிர் பிரிந்துவிட்டது. வயது இருபத்திரண்டு.

விசாரணைக்கு நான் சென்றபோது, உரிமையாளர் முதலில் காட்டியது எர்த் கம்பியைத்தான். மோட்டாரின் உடலிலிருந்து துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி ஒன்று புறப்பட்டு, சுவரைத் துளைத்து, வெளியே உள்ள எர்த் குழிக்குச் சென்றது. குழியில் கரியும் உப்பும் முறைப்படி இட்டிருந்தார்கள். "எர்த் சரியாகத்தானே இருக்கிறது, ஐயா? பிறகு எப்படி ஷாக் அடித்தது?" என்று அவர் கேட்டார். உண்மையாகவே விளங்காமல் கேட்டார். இந்த வினாவைப் பட்டதாரிப் பொறியாளர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே விடை கூறுகிறேன்.

குழியும் திரும்பும் வழியும்

அந்த எர்த் குழியின் மின்தடையை அளந்தேன். 6 ஓம் இருந்தது. கிடங்கின் மின்மாற்றியில் நியூட்ரலுக்குரிய எர்த்தின் தடை 2 ஓம். ஆக, மோட்டாரின் முனைப்பெட்டிக்குள் ஒரு முனைக் கம்பி காப்பு உரிந்து உடலைத் தொட்டபோது, மின்னோட்டம் செல்ல வேண்டிய வழி இதுதான்: உடலிலிருந்து குழிக்கு, குழியிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து மின்மாற்றியின் எர்த்துக்கு. வழியெங்கும் உள்ள தடை 8 ஓம். 240 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் 30 ஆம்பியர். நான்கு மின்விசிறிகளுக்கும் சேர்த்துப் போட்டிருந்த ஃப்யூஸோ 32 ஆம்பியர். முப்பது ஆம்பியருக்கு அது உருகாது. மணிக்கணக்கில் ஓடினாலும் உருகாது.

அந்த 30 ஆம்பியர் 6 ஓம் தடையுள்ள குழி வழியே பாய்ந்துகொண்டிருந்ததால், மோட்டாரின் உடல் 180 வோல்ட்டில் நின்றது. மோட்டாரோ தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சென்ற அம்மோனியாக் குழாய், எந்திர அறையின் இரும்புச் சட்டங்கள் வழியே தரையோடு நன்கு தொடர்புற்றிருந்தது. ஒரு கை 180 வோல்ட்டிலும் மறு கை சுழியிலும் இருந்தால், மின்சாரம் நெஞ்சின் குறுக்கே பாய்கிறது. குழியைத் தோண்டிப் பார்த்தபோது, மின்முனையைச் சுற்றிய மண் சூடேறி உலர்ந்து கிடந்தது. அந்தக் கசிவு சில மணி நேரமாவது நீடித்திருக்க வேண்டும்.

எர்த் என்பது மண்ணுக்குள் புதைத்த குழாய் என்ற எண்ணமே இங்குத் தவறு. பழுது ஏற்பட்ட கணத்தில் ஃப்யூஸ் உருகும் அளவுக்கு மின்னோட்டம் திரும்பிச் செல்ல ஒரு வழி வேண்டும். அவ்வழி மண்ணாக இராமல் உலோகமாக இருத்தல் வேண்டும். சொந்த மின்மாற்றி உள்ள கிடங்குகளில், எல்லா மோட்டார்களின் உடல்களிலிருந்தும் வரும் எர்த் கம்பிகள் சுவிட்ச் பலகையின் எர்த் பட்டைக்கு வந்து, அங்கிருந்து மின்மாற்றியின் நியூட்ரல் எர்த் பட்டையோடு தடித்த உலோகப் பட்டையால் இணைக்கப்பட வேண்டும். அப்போது வழியின் மொத்தத் தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டாலும், பழுது மின்னோட்டம் 480 ஆம்பியர். 32 ஆம்பியர் ஃப்யூஸ் கண் இமைப்பதற்குள் உருகிவிடும். குழிகள் தேவையற்றவை என்று நான் கூறவில்லை. அவை மின்மாற்றியின் நியூட்ரலை மண்ணின் நிலையில் நிறுத்திவைக்கின்றன. இடி மின்னலுக்கும் வேண்டும். ஆனால் தொழிலாளியின் உயிரைக் காக்கும் வேலையைக் குழியிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது.

இதைக் கேட்டுவிட்டு, மோட்டாருக்குப் பக்கத்திலேயே நியூட்ரல் கம்பியையும் உடலையும் சேர்த்துக் கட்டிவிடலாமே என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். அது உயிருக்கு உலை வைப்பதாகும். வழியில் நியூட்ரல் அறுந்தால், அதனோடு கட்டப்பட்ட அத்தனை உடல்களிலும் மின்சாரம் ஏறிவிடும். நியூட்ரலும் எர்த்தும் சேரும் இடம் மின்மாற்றியின் அருகே மட்டுமே. மின்வாரியத்தின் தாழ்வழுத்தப் பாதையிலிருந்து நேரே மின்சாரம் பெறும் சிறு ஐஸ் தொழிற்சாலை போன்ற இடங்களில், நம்பத்தக்க உலோகத் திரும்புவழி கிடைப்பது அரிது. அங்கே கசிவு மின்னோட்டத்தை உணர்ந்து துண்டிக்கும் கருவி ஒன்றே துணை. மனிதர் கைபடும் சிறு சுற்றுகளுக்கு 30 மில்லி ஆம்பியரிலும், பெரிய மோட்டார்ச் சுற்றுகளுக்கு 300 மில்லி ஆம்பியர் அளவிலும் இயங்குபவை கிடைக்கின்றன.

மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 61-ஆவது விதியே கூறியது. ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்கும் என்பதே கருத்து. நான் பார்த்த பல இடங்களில் இரண்டு கம்பிகளும் ஒரே ஆணியில் இறுக்கப்பட்டிருந்தன. ஆணி துருப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இது விதியை எழுத்தளவில் நிறைவேற்றுவதாகும். மற்றொன்றும் சொல்ல வேண்டும்: அன்று அம்மோனியாக் குழாயையும் மின்விசிறியின் சட்டத்தையும் ஒரு பட்டையால் இணைத்திருந்தால், இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் நின்றிருக்கும், அந்த இளைஞர் பிழைத்திருக்கக் கூடும். ஒருவர் இரு கைகளையும் நீட்டினால் எட்டக்கூடிய உலோகங்கள் யாவையும் தம்முள் பிணைக்கப்பட வேண்டும் என்பது ஐ.எஸ். 3043 என்னும் எர்த்திங் நடைமுறை நெறியில் விளக்கப்பட்டுள்ள கருத்தேயாகும்.

ரிலேயும் அதன் பகைவர்களும்

கூர்ந்து கேட்டவர்களுக்கு இந்நேரம் ஓர் ஐயம் எழுந்திருக்கும். ஒன்றரைக் கிலோவாட் மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் மூன்றரை ஆம்பியர் அளவுதான். ஒரு கம்பியில் 30 ஆம்பியர் ஓடினால் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோட் ரிலே சில நொடிகளில் துண்டித்திருக்க வேண்டுமே? ஐயம் சரியானதே. ரிலே துண்டித்துத்தான் இருக்கும். ஆனால் அதன் தொடர்பு முனைகள் இரண்டையும் யாரோ ஒரு துண்டுச் செப்புக் கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். கட்டியவர் தீயவர் அல்லர். அந்த மாதத்தில் பாசனப் பம்புகள் எல்லாம் ஓடுவதால், மாலை நேரங்களில் மின்னழுத்தம் 340 வோல்ட் அளவுக்குத் தாழ்ந்துவிடும். அழுத்தம் குறைந்தால், அதே சுமைக்கு மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும், ரிலே துண்டிக்கும். இரவெல்லாம் எழுந்து எழுந்து பொத்தானை அமுக்கிச் சலித்த ஆபரேட்டர், கிழங்கைக் காப்பாற்றுவதாக எண்ணியே அதைக் கட்டினார்.

அவரைத் தண்டிப்பதோடு இது தீர்ந்துவிடாது என்பது என் கருத்து. தாழ்ந்த மின்னழுத்தம் ஆண்டுதோறும் வருவது தெரிந்ததே. அதற்கேற்ற திறனுடைய மோட்டாரைத் தேர்வதும், கேபிளைத் தடிப்பாகப் போடுவதும், மின்மாற்றியின் டேப்பைச் சரிசெய்வதும் நிர்வாகத்தின் கடமைகள். அவற்றைச் செய்யாத இடத்தில், செப்புக் கம்பித் துண்டு தானாகவே வந்து சேரும். மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுகிறது என்பதை மாணவர்கள் படித்திருப்பீர்கள். அழுத்தம் நூற்றுக்கு எண்பதானால், தொடக்க விசை அறுபத்து நான்குதான். கம்ப்ரஸர் அசைய மறுக்கும். மோட்டார் முழுச்சுமையைப் போல் ஆறு மடங்கு மின்னோட்டத்துடன் நின்று வெந்துகொண்டிருக்கும்.

ஃப்யூஸ், ரிலே ஆகிய இரண்டின் தொழில்களையும் வேறுபடுத்திக் காண வேண்டும். ஷார்ட் சர்க்யூட் ஏற்படும்போது கேபிளைக் காப்பது ஃப்யூஸ். மெல்ல மெல்ல ஏறும் மிகைச் சுமையிலிருந்து மோட்டாரைக் காப்பது ரிலே. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. மோட்டார் கிளம்பும்போது ஃப்யூஸ் போகிறது என்று அதைப் பெரிதாக்கிக்கொண்டே போகும் வழக்கம் உண்டு. அளவுக்கு மேல் பெரிதாக்கினால், ஒரு நாள் கேபிளே ஃப்யூஸாக உருகும்.

ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டரில் நான் அடிக்கடி கண்ட பிழை ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். கம்ப்ரஸருக்கு 37 கிலோவாட், அதாவது 50 குதிரைத்திறன் மோட்டார் என்று கொள்வோம். 415 வோல்ட்டில் அதன் முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 65 ஆம்பியர். பெயர்ப்பலகையில் உள்ள இந்த எண்ணைப் பார்த்து, ரிலேயையும் 65-இல் வைத்துவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர்களில் ரிலே அமைந்திருப்பது முதன்மைப் பாதையில் அன்று, சுருள்களுக்குச் செல்லும் கம்பிகளில். அங்கே ஓடுவது பாதை மின்னோட்டத்தில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு மட்டுமே. ஆகவே ரிலே 38 ஆம்பியரில் நிற்க வேண்டும். 65-இல் வைத்தால், பாதையில் 112 ஆம்பியர் ஓடும் வரை அது வாளாவிருக்கும். சுருள் எரிந்த பின்னர், மோட்டார் செய்த நிறுவனத்தைப் பழிப்பார்கள். ரிலே எந்தக் கம்பியில் அமர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே திருகியைக் கையில் எடுக்க வேண்டும். அதே ஸ்டார்ட்டரில் ஸ்டார் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் ஒருங்கே மூடிக்கொண்டால் மூன்று முனைகளும் நேரே மோதிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே மின்வழித் தடுப்பும் எந்திரத் தடுப்பும் இரண்டுமே இருத்தல் வேண்டும்.

மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விடுவது கிராமப்புறப் பாதைகளில் அன்றாட நிகழ்ச்சி. நிற்கும் மோட்டாராயின் கிளம்பாது, உறுமும். ஓடும் மோட்டாரோ இரண்டு முனைகளிலேயே தொடர்ந்து ஓடும். குளிர்விப்புக் கோபுரத்தின் விசிறியை ஓட்டும் 7.5 கிலோவாட் மோட்டார் ஒன்று, டெல்டா இணைப்பில், தன் சுமையில் நூற்றுக்கு அறுபது பங்கில் ஓடுகிறது என்று கொள்க. அதன் முழுச்சுமை மின்னோட்டம் 14.5 ஆம்பியர். ஒரு முனை போனதும், எஞ்சிய கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகி 15 ஆம்பியர் ஆகிறது. 14.5-இல் வைத்த ரிலே இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உள்ளே, மூன்று சுருள்களில் ஒன்று அந்த 15-இல் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 10 ஆம்பியரைத் தனியே சுமக்கிறது. அது தாங்கக்கூடியது 8.4. வெளியே எல்லாம் ஒழுங்காகத் தோன்ற, ஒரு சுருள் மட்டும் வெந்துகொண்டிருக்கிறது. எரிந்த மோட்டாரைத் திறந்து பார்க்கையில் மூன்றில் ஒரு பங்குச் சுருள்கள் மட்டும் கருகியிருந்தால் காரணம் இதுவே.

இதற்கென உள்ள சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டரில் இருவகை உண்டு. மின்னழுத்தத்தை அளப்பது மலிவானது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், இழந்த முனையில் தானே ஓரளவு மின்னழுத்தத்தை உண்டாக்கிவிடுவதால், அது ஏமாறக்கூடும். மின்னோட்டத்தை அளப்பதே நம்பத்தக்கது. முனை வரிசை மாறினால் தடுக்கும் கருவியும் உடன் வேண்டும். மின்மாற்றியைப் பழுதுபார்த்துத் திரும்ப இணைத்த நாளில் முனைகள் மாறி, ஸ்குரூ கம்ப்ரஸர் பின்னோக்கிச் சுழன்று சிதைவது உண்டு.

நிறுத்தினால் நிற்க வேண்டும்

நிறுத்தும் பொத்தானை அமுக்கியும் மோட்டார் நிற்கவில்லை என்று எவரேனும் சொன்னால் நம்புங்கள், அது நிகழக்கூடியதே. கான்டாக்டரின் காந்தச் சுருளை இரண்டு முனைகளுக்கு இடையே 415 வோல்ட்டில் இணைப்பது நம் நாட்டில் பரவலான வழக்கம். ஒரு முனை சுருளுக்கு நேரே செல்கிறது. மற்றது பொத்தான், அழுத்தத் துண்டிப்பான், ரிலே எல்லாம் கடந்து வருகிறது. ஈரமான இடத்தில் பொத்தானுக்கும் சுருளுக்கும் இடையேயுள்ள கம்பி காப்பிழந்து இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டால், சுருளுக்கு எர்த் வழியாக 240 வோல்ட் கிடைத்துவிடுகிறது. கான்டாக்டரைப் புதிதாக இழுக்க அது போதாது. ஆனால் மூடியிருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போதுமானதாகிவிடலாம். பொத்தானும் பயனில்லை, மிகையழுத்தத் துண்டிப்பானும் பயனில்லை.

மாற்று எளிது. சிறு மின்மாற்றி ஒன்றினால் 110 வோல்ட் பெற்று, அதன் ஒரு முனையை எர்த் செய்துவிட வேண்டும். சுருளை அந்த எர்த் முனையோடு நேரே இணைத்து, பொத்தான்களையும் துண்டிப்பான்களையும் மறுபக்கத்தில், ஃப்யூஸுக்குப் பின் வைக்க வேண்டும். இப்போது எந்தக் கம்பி இரும்பைத் தொட்டாலும், ஒன்று ஃப்யூஸ் போகும். அல்லது சுருள் மின்சாரமின்றி இருக்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு மோட்டாரைச் சுருள் மாற்றும் கூலியைவிடக் குறைவு.

தெர்மோஸ்டாட்டால் இயங்கும் மின்விசிறிகள் எச்சரிக்கை இன்றிச் சுழலத் தொடங்கும். மின்தடை நீங்கியதும் தாமாகவே கிளம்பும். ஆகவே ஒவ்வொரு மோட்டாரின் அருகிலும், பழுதுபார்ப்பவரின் கண்ணெதிரே, பூட்டக்கூடிய ஐசொலேட்டர் ஒன்று இருத்தல் வேண்டும். குளிர்விப்புக் கோபுரத்தின் உச்சியில் நிற்பவருக்குக் கீழே பேனல் அறையில் யார் எந்தச் சுவிட்சைத் தொடுகிறார்கள் என்பது தெரியாது. பூட்டு அவருடையதாகவும், சாவி அவர் பையிலும் இருக்கட்டும். அபாயப் பலகையை மாட்டுவது நல்லதே. ஆனால் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டவர்களை நான் விசாரித்திருக்கிறேன். வேக மாற்றிக் கருவிகள் பரவிவரும் இந்நாளில் மற்றோர் எச்சரிக்கை: கருவியின் திரையில் மோட்டார் நிற்பதாகக் காட்டுவது மின்சாரம் துண்டிக்கப்பட்டதாகப் பொருள்படாது. துண்டித்த பின்னரும் அதனுள் உள்ள மின்தேக்கிகள் சில நிமிடங்கள் உயிர்கொல்லும் அழுத்தத்தை வைத்திருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஈரமும் அம்மோனியாவும்

குளிர் அறைக்குரிய தனித் தொல்லை ஈரம். வெளியே 40 டிகிரி, உள்ளே 3 டிகிரி. சுவரைத் துளைத்துச் செல்லும் கம்பிக் குழாயினுள் வெளிக்காற்று புகுந்து, குளிர்ந்த பக்கத்தில் நீராக மாறி, சொட்டுச் சொட்டாக மோட்டாரின் முனைப்பெட்டிக்குள் இறங்குகிறது. நான் முதலில் சொன்ன விபத்திலும் முனைப்பெட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. காப்பு அதனால்தான் கெட்டது. குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் அதன் உட்புறத்தையும் காற்றுப் புகாதபடி அடைப்பதே இதற்குத் தீர்வு. கேபிள் முனைப்பெட்டிக்குள் கீழிருந்து நுழைய வேண்டும். நுழையுமுன் ஒரு வளைவு தாழ்ந்து வந்தால் நீர் அங்கே சொட்டிவிடும். கிளாண்டு கேபிளின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். சாக்குத் துணி சுற்றி அடைப்பது கிளாண்டு ஆகாது. மீன் உறையவைக்கும் ஆலைகளைப் போல் சுழிக்குக் கீழ் 20 டிகிரி குளிரில், சாதாரண பி.வி.சி. கேபிள் விறைத்து நொறுங்கும் தன்மை அடைகிறது. குளிர் ஏறிய பின் அதை வளைக்கக் கூடாது. அத்தகைய இடத்துக்கென உள்ள காப்புடைய கேபிளையே வாங்க வேண்டும்.

உருளைக்கிழங்குக் கிடங்கின் மோட்டார்கள் நவம்பர் முடிந்து பிப்ரவரி வரை ஓய்ந்து கிடக்கின்றன. பனிக்கால ஈரத்தை அச்சுருள்கள் உறிஞ்சுகின்றன. பருவம் தொடங்கியதும் நேரே சுவிட்சைப் போட்டால், சுருள் வெடித்துப்போவதற்கு வியப்பில்லை. 500 வோல்ட் மெக்கர் கொண்டு காப்புத்தடையை அளந்து, ஒரு மெகோமுக்குக் குறைந்தால், மோட்டாரைத் திறந்து நூறு வாட் பல்புகளை அருகில் வைத்து ஓரிரு நாள் உலர்த்துவது நம் மெக்கானிக்குகள் அறிந்த நல்ல முறை. மெக்கரைச் சுழற்றுமுன் வேக மாற்றியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிடில் அளந்த கருவி அளக்கப்பட்ட கருவியைக் கொன்றுவிடும்.

பெரும்பாலான பெரிய கிடங்குகளில் குளிரூட்டியாகப் பயன்படுவது அம்மோனியா. ஈரத்துடன் சேர்ந்த அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். குழாய்கள் இரும்பாக இருப்பதும் மோட்டாரை கம்ப்ரஸருக்கு வெளியே வைத்து பெல்ட்டினால் ஓட்டுவதும் இதனாலேயே. ஆனால் அதே அறையில் சுவிட்ச் பேனலை வைத்து, அதன் செப்பு முனைகள் பச்சை பிடிப்பதை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேனல் தனி அறையில் இருக்க வேண்டும். காற்றில் அம்மோனியா நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் சேர்ந்தால் தீப்பற்றும். அந்நிலையில் ஒரு கான்டாக்டரின் பொறியே போதும். ஆகவே எந்திர அறையின் மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் அவசரச் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருத்தல் வேண்டும். வெளியேற்றும் விசிறியின் சுற்று மட்டும் தனியே, அதன் சுவிட்சும் வெளியே, மோட்டார் அத்தகைய காற்றுக்கு ஏற்ற வகையாக இருக்க வேண்டும். கசிவு ஏற்பட்டபோது விசிறியைப் போடுவதற்காக உள்ளே ஓட வேண்டிய நிலை எவருக்கும் வரக் கூடாது.

கேபிளின் முனைகள் பற்றி ஒரு சொல். செம்பின் அருமை கருதி நாம் அலுமினியக் கேபிளைப் பெரிதும் பயன்படுத்துகிறோம், அதில் தவறில்லை. அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல இளகும்; செம்போடு ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கும். இரு உலோக லக்குகளை முறைப்படி அழுத்திப் பொருத்தி, சுமை ஏறிய சில வாரங்களில் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும்.

அலுவலர்களுக்கு

1956-ஆம் ஆண்டு விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் 2010-இலும், அவற்றின் இடத்தில் புதியவை 2023-இலும் வந்தன. மின் ஆய்வாளரின் அதிகாரம் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 162-ஆவது பிரிவிலிருந்தும், விபத்தை அறிவிக்கும் கடமை 161-ஆவது பிரிவிலிருந்தும் வருகின்றன. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்றுடைய மேற்பார்வையாளரும் இன்றி இணைப்பு வேலை நடைபெறக் கூடாது. வயரிங்குக்கு ஐ.எஸ். 732, மோட்டார் நிறுவுதலுக்கு ஐ.எஸ். 900 ஆகியன வழிகாட்டுகின்றன. சட்டத்தில் குறையில்லை.

மானியம் பெறும் கிடங்குகளைப் பார்வையிடச் செல்லும் அலுவலர்கள் கட்டடத்தின் நீள அகலங்களை அளக்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். அத்துடன் மூன்று காகிதங்களைக் கேட்கலாம். ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் பழுது மின்னோட்டம் திரும்பும் வழியின் தடை எவ்வளவு என்ற அளவீடு. குழியின் தடையை மட்டும் காட்டினால் ஏற்க வேண்டாம். பருவம் தொடங்குமுன் எடுத்த மெக்கர் அளவீடு. ஒவ்வொரு ரிலேயும் எந்த எண்ணில் வைக்கப்பட்டுள்ளது என்ற பட்டியல். பொறியியல் தெரியாதவரும் மூன்றாவதைச் சரிபார்க்கலாம்: பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரைப் பேனலைத் திறக்கச் சொல்லி, எண்கள் ஒத்திருக்கின்றனவா, உள்ளே எங்கேனும் துண்டுச் செப்புக் கம்பி தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

நான் சொன்ன கிடங்குக்கு மறு ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் சென்றேன். எர்த் பட்டை புதிதாக ஓடியது. மின்விசிறிகளுக்குத் தனித்தனி ஸ்டார்ட்டரும் ஃப்யூஸும் வந்திருந்தன. பழைய ஆபரேட்டரே இருந்தார். மாலையில் ரிலே துண்டிக்கிறதா என்று கேட்டேன். மின்மாற்றியின் டேப்பை மாற்றியதிலிருந்து இல்லை என்றார். இறந்தவரின் தம்பி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

இம்மேசையின் மேல் உள்ளது ஒரு ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர். எந்த இணைப்பும் இதற்குக் கொடுக்கப்படவில்லை. முன்வரிசையில் உள்ள மாணவர்கள் நால்வர் வந்து மூடியைத் திறந்து, ரிலே எந்தக் கம்பியில் அமர்ந்திருக்கிறது என்று கண்டு சொல்லுங்கள். பிறகு மற்றவர்களின் வினாக்களுக்கு வருகிறேன்.